புத்தளத்துக்குப் போன உப்பு வண்டி

கடற்கரை என்றவுடன் வெண்மணலை எண்ணிக்கொள்ளும் பாக்கியம் மணவாளக்குறிச்சியில் பிறந்தவனுக்கு இல்லை. எங்கள் கரையில் மணல் கறுப்பு. அலை ஏறி இறங்கிய காலை வேளைகளில் அந்தக் கறுப்பின்மேல் மாதுளை முத்தைப் பொடித்துத் தூவினாற்போல ஒரு சிவப்பும் வரிவரியாகப் படிந்து கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், இரண்டுக்கும் நடுவே தேன் நிறத்தில் ஒளிந்திருப்பது மோனசைட் என்ற விவரங்களையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் வாத்தியார் அல்லர்; மணல் ஆலையில் கூலிக்குப் போய்வந்த அண்டை வீட்டுக்காரர். இங்கிருந்து கப்பலேறிய கயிற்றிலே ஒட்டிக்கொண்டு போன மணலைச் சோதித்து, அதில் தோரியம் தரும் மோனசைட் இருப்பதை 1909-ஆம் வருஷம் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார் என்பதும், அடுத்த ஓரிரு வருஷத்துக்குள் எங்கள் ஊரிலேயே ஆலை எழும்பிற்று என்பதும் சரித்திரம். கயிறு திரிக்கிறவள் உதறிப்போட்ட மண்ணிலே இப்படி ஒரு ஐசுவரியம் இருந்தது என்பதை ஊரார் ஒருவித அவநம்பிக்கையோடுதான் சொல்லுவார்கள். ஏதோ தங்களை ஏமாற்றி யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது போன்ற தொனி அதில் இருக்கும்.

ஆகவே வெண்மை என்பது என் பால்யத்தில் கடலோடு சம்பந்தப்பட்ட வர்ணமாக இருக்கவில்லை. அது அடுக்களை மூலையில், மர மூடி போட்ட ஒரு பழைய பரணிக்குள் இருந்தது. அம்மை அந்தப் பரணியைக் கையாண்ட விதத்தில் பயபக்தி கொஞ்சம் கலந்திருந்தது. அந்தி மயங்கிய பிற்பாடு அண்டை அயலார் வந்து கேட்டாலும் உப்பை எடுத்துக் கொடுக்க மாட்டாள். ஈரக் கையோடு பரணிக்குள் கையை விட்டால் புறங்கையில் அகப்பை விழும். அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “ஒன் மாமன் வண்டியிலேருந்து” என்று பதில் வரும். சிறு பையனுக்கு அது போதுமான பூகோளமாகவே இருந்தது.

மாமா, அதாவது அம்மையின் மூத்த சகோதரர், ஒரு ஜோடிக் காளையும் ஒரு வண்டியும் வைத்திருந்தார். வருஷத்தில் பாதி நாள் தேங்காய், சவுரி, வைக்கோல் என்று கிடைத்த பாரத்தை அடிப்பார். தை பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கினால் அவர் உப்பு வண்டிக்காரர். கிழக்கே 14, 15 மைல் தொலைவிலுள்ள புத்தளத்து அளத்தில் உப்பேற்றி வந்து, கடியபட்டணம், முட்டம் முதலான கடற்புரங்களில் கருவாடு போடுகிறவர்களுக்கும், வழி நெடுகக் கடைக்காரர்களுக்கும் அளந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு கடவம் எங்கள் வீட்டில் இறக்குவார். பழந்தமிழ் நூல்களில் உமணர் என்று ஒரு கூட்டத்தார் உப்பு வண்டிகளைச் சாத்துச் சாத்தாக ஓட்டிக்கொண்டு போனதைப் பின்னாளில் கல்லூரியில் படித்தபோது, எனக்கு அவர்கள் எல்லாருக்கும் மாமாவின் முகமே வாய்த்தது. காதில் செருகிய பீடி உட்பட.

கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ந் தேதி. அதற்கு முந்திய சித்திரை மாதம், எனக்குப் பதினோரு வயது, பள்ளிக்கூடம் அடைத்திருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், மாமா வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு, “மக்கா, அளம் பாக்க வாறியா? உறங்கினா உருண்டு விழுந்திருவ, பாத்துக்க” என்று கூப்பிட்டார். அம்மை ஒரு துண்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கையும், வாழையிலையில் மடக்கிய தேங்காய்த் துவையலையும் கட்டிக் கொடுத்தாள். போகும் வண்டி காலி. வைக்கோலின்மேல் சாக்கு விரித்து மல்லாந்து கிடக்கலாம்.

அந்த ராத்திரிப் பிரயாணத்தில் நான் கண்டது அதிகம் இல்லை, கேட்டதுதான் அதிகம். அம்மாண்டிவிளை தாண்டும்வரை கடலின் இரைச்சல் வலது காதில் விழுந்துகொண்டிருந்தது; பிறகு தென்னந்தோப்புகள் அதை விழுங்கிவிட்டன. ராஜாக்கமங்கலத்தில் காளைகளுக்குத் தண்ணீர் காட்டினோம். ஈத்தாமொழியைக் கடக்கும்போது, இந்த ஊர்த் தேங்காய்க்கு ஈடு கிடையாதென்றும், ஒரு தேங்காயை உடைத்தால் ஒரு கல்யாணப் பந்திக்குக் காணும் என்றும் மாமா சொன்னது, அரைத் தூக்கத்தில் இருந்த எனக்கு உண்மையாகவே பட்டது. அவர் மிகைபடப் பேசுகிறவர்தான். ஆனாலும் உப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் வாயிலிருந்து மிகை வந்ததில்லை என்பதைப் பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது உணர்ந்தேன்.

கண் விழித்தபோது தென்னைகள் இல்லை. இதை நான் எத்தனை முறை சொல்ல முயன்றாலும் சரியாகச் சொல்ல வருவதில்லை. எங்கள் நாட்டில், எந்தத் திக்கில் பார்த்தாலும் பார்வையை மறித்துக்கொண்டு ஒரு மரமாவது, குன்றாவது, வீட்டுக் கூரையாவது நிற்கும். கடலைத் தவிர வேறெங்கும் கண் போன போக்கில் போய்த் திரும்பியதில்லை. அன்று விடியற்காலையில் வண்டியின் முளைக்கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற எனக்கு முன்னால், வானத்தின் பாதியை எடுத்துத் தரையில் பரப்பி, அதைக் கறுத்த வரப்புகளால் சதுரம் சதுரமாக வகுத்து வைத்தாற்போல, ஒரு பெரிய சலனமற்ற தண்ணீர்ப் பரப்புக் கிடந்தது. ஒரு சதுரம் ஈய நிறம், ஒரு சதுரம் கலங்கல், ஒரு சதுரம் செம்பருத்தி இதழைக் கசக்கிவிட்டாற்போன்ற சிவப்பு, அப்பால் ஒரு வரிசை முழுதும் கண்ணைக் குத்தும் வெள்ளை. தூரத்தில் ஓலை வேய்ந்த அம்பாரங்கள் வீடுகளைப்போல நின்றன. அவை வீடுகள் என்றே எண்ணி, இத்தனை வீட்டுக்கும் ஏன் வாசலே இல்லை என்று கேட்டேன். வடகிழக்கே மருந்துவாழ்மலை தனியாக நின்றது. அநுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறி விழுந்த துண்டு அது என்பார்கள். இந்த வெளியிலிருந்து பார்க்கையில், யாரோ தூக்கிக்கொண்டு போகையில் கைநழுவ விட்டதுபோலத்தான் அது இருக்கிறது.

அந்த நிலப்பகுதியைப் பற்றி இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி ஜில்லாவுக்கு மழை இரண்டு, இடவப்பாதியும் துலாவருஷமும். ஆயினும் மேற்கே கல்குளம், விளவங்கோட்டில் கொட்டுகிற மழை, கிழக்கே முனைக்குப் போகப் போக மெலிந்து, அகஸ்தீசுவரத்தின் கடலோரத்தில் வெறும் காற்றாகிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்கிற அந்தக் காற்று ஈரத்தை உலர்த்திக்கொண்டு போகும். பனையும் உடையும் தாழையும் அங்கே மரங்கள். இப்படிப்பட்ட மண்ணுக்குள்தான், நாஞ்சில் நாட்டு வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, சுசீந்திரத்தைச் சுற்றிக்கொண்டு, பழையாறு வந்து மணக்குடிக் காயலாக விரிகிறது. சுருளகோட்டுப் பக்கத்து மலையில் பிறந்த தண்ணீரும், பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்த பின் கால்வாய்களில் வந்து சேர்ந்த கோதையாற்றுத் தண்ணீரும், கன்னிப்பூ கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைத்து முடித்த களைப்போடு இங்கே வந்து கடலின் உப்போடு கலக்கின்றன. காயலைச் சுற்றிலும், புத்தளம், சாமித்தோப்பு, தாமரைக்குளம் என்று அளங்கள். புத்தளம் என்ற பெயரிலேயே புதிய அளம் ஒலிக்கிறது; இலங்கையின் மேற்குக் கரையில், இதே போல வறண்ட பூமியில், காயலோரத்தில் உப்பு விளையும் ஊருக்கும் அதே பெயர் வாய்த்திருப்பதை யோசிக்கும்போது, நம் முன்னோர் பெயரிடுவதில் வீண் சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. சாமித்தோப்பும் தாமரைக்குளமும் ஐயா வைகுண்டரின் பதிகள் உள்ள ஊர்கள். அந்தப் பக்கத்துக் கிழவர்கள் பலர் அன்று தலைப்பாகை கட்டி, நெற்றியில் சுடர் போல வெள்ளை நாமம் இட்டிருந்தார்கள். அளத்தில் அந்த நாமம் உப்பா, திருமண்ணா என்று பையனான எனக்குச் சந்தேகம்.

வண்டியில் உப்பேற்றுவதற்கு இரண்டு நாளாகும் என்று தெரிந்தது. கங்காணி கணக்கு முடிக்கவில்லை என்றார்கள். மாமா காளைகளை ஒரு உடைமர நிழலில் கட்டிவிட்டு, அளத்தில் பழுத்த ஒரு கிழவரிடம் என்னை ஒப்படைத்தார். அவரை நான் பாட்டா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, “பிள்ளே” என்றே அழைத்தார்.

அவர் எனக்குக் காட்டிய காரியத்தை, பல வருஷங்களுக்குப் பிறகு ரசாயனப் புஸ்தகம் வேறு பாஷையில் சொன்னது. கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புச் சத்து என்றும், வெயிலில் அது இறுகி, போமே மானியில் 25 பாகையைத் தொடும்போது சமையல் உப்பு படியத் தொடங்குகிறது என்றும், அதற்கு முன்பே சுண்ணாம்புச் சத்துகள் ஒதுங்கிவிடும் என்றும், 29 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசந்துவிடும் என்றும் புஸ்தகம் கூறிற்று. பாட்டா சொன்னது இது: “கடல் தண்ணி பச்சப் பிள்ளை. எடுத்த எடுப்பிலே பாத்தியிலே விட்டா ஒண்ணும் வராது. அஞ்சாறு வீடு மாத்தி வளக்கணும். மூத்துப் போச்சுன்னாலும் கெட்டுரும், கசக்கும்.” அவ்வண்ணமே தண்ணீர் காயலிலிருந்து தெப்பத்துக்கும், தெப்பத்திலிருந்து மேட்டுப் பாத்திகளுக்கும், அங்கிருந்து கடைசியாகக் காலால் மிதித்து மிதித்துச் சிமிட்டித் தரைபோல் இறுக்கிய உப்புப் பாத்திக்கும், ஒவ்வொரு மடையாகத் திறந்து இறங்கி வந்தது. சில இடங்களில் கேணி வெட்டி, துலாவில் உவர் நீர் இறைத்தார்கள். சிவந்து கிடந்த பாத்தியைக் காட்டி, “இது ரெத்தமா பாட்டா?” என்று கேட்டதற்கு, “பழுத்த தண்ணி” என்றார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் அந்த உவர்ப்பில் செழித்துத் தரும் சிவப்பு அது என்பதை அவர் அறியார். ஆனால் அந்தச் சிவப்பு வந்த நாலைந்து நாளில் உப்பு விழும் என்பதை அறிவார். இரண்டு அறிவில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இன்றும் துணிவில்லை.

மத்தியானம் சாய்ந்ததும் அவர் ஒரு பாத்தியின் வரப்பில் குத்துக்காலிட்டு அமர்ந்து, தண்ணீரின் மேற்பரப்பைச் சாய்வாகப் பார்க்கச் சொன்னார். காய்ச்சிய பாலில் ஆடை படர்வதுபோல, மிக மெல்லிய ஒரு ஏடு, கண் எதிரே, கரையோரத்திலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்தது. காற்று ஒரு தரம் வீசிற்று. ஏடு உடைந்து, துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓசையின்றி மூழ்கின. கீழே போய் அவை மணியாக வளருமாம். உப்பை யாரும் ‘செய்கிற’தாக அங்கே ஒருவரும் சொல்லவில்லை. உப்பு விளைகிறது என்றார்கள், இந்த வருஷம் விளைச்சல் மோசம் என்றார்கள், பாத்தி, மடை, வரப்பு, வாய்க்கால் என்று நாஞ்சில் நாட்டு வயல்காரன் வாயில் புழங்கும் சொற்களையே சொன்னார்கள். ஒரே ஒரு வித்தியாசம், இந்தப் பயிருக்கு மழைதான் பூச்சி.

அதிகாலை மூன்று மணிக்கே உப்பு வாரத் தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் வெண்மையை ஏறிட்டுப் பார்க்க முடியாது. நீண்ட காம்பில் குறுக்குப் பலகை தைத்த வாருபலகையால் ஆண்கள் பாத்தியின் நடுவிலிருந்து வரப்புக்கு இழுத்துக் குவிப்பார்கள். பெண்கள் சும்மாடு வைத்து, நீர் சொட்டச் சொட்ட ஓலைக் கடவங்களில் சுமந்து, அம்பாரத்துக்கு ஏறுவார்கள். பலகை தரையை உரசும் ஓசை, ஈரமான கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து அரைப்பதுபோன்றது; அதைக் கேட்டால் பல்லெல்லாம் கூசும். சுமந்து போன ஒரு அக்காவின் பாதங்களை அப்போதுதான் பார்த்தேன். கோடை வயலின் வெடிப்பு எப்படியோ அப்படி, குதிகாலிலிருந்து விரல் இடுக்குவரை பிளந்து, பிளவுகளின் ஓரம் வெளுத்திருந்தது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவள் சிரித்தாள். “ராத்திரி புன்னைக்காய் எண்ணெய் போட்டா சரியாயிரும் மக்களே. கண்ணைத்தான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றாள். கண்ணில் என்ன என்று கேட்பதற்குள் கடவத்தோடு ஏறிப் போய்விட்டாள். அன்று அங்கே சம்பளப் பட்டுவாடா தள்ளிப்போய் மூன்றாவது வாரம் என்று பின்னால் மாமா பேச்சுவாக்கில் சொன்னார். அவர்கள் எல்லாரும் கஞ்சியில் உப்புப் போட்டுக்கொள்ள வேறெங்கும் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கஞ்சி உப்புக்கும் ஒரு காலத்தில் காவல் இருந்தது. திருவிதாங்கூரில் கர்னல் மன்றோ திவானாக இருந்த 1813-இல் உப்பு வியாபாரம் சர்க்காரின் ஏகபோகமாயிற்று. விளைந்த மணியெல்லாம் பண்டகசாலைக்குப் போயாக வேண்டும். 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் வர்த்தக உடன்படிக்கை ஏற்பட்டு, அங்கே என்ன விலையோ அதை இங்கும் அநுசரிக்கலாயிற்று. 1930 ஏப்ரலில் காந்திஜி தண்டியிலும், அதே மாதக் கடைசியில் ராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பு அள்ளியபோது, சமஸ்தானத்து அளங்களில் பலகை பிடித்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி எட்டிற்றோ தெரியாது. பாட்டா மட்டும், தாம் வாலிபராயிருந்த காலத்தில் ஒரு மடி உப்பு வீட்டுக்குக் கொண்டுபோவது களவு என்றும், ஈர வேஷ்டியை அளத்து நீரில் நனைத்துக்கொண்டு போய், வீட்டில் காயப்போட்டு உதறி எடுத்தவர்கள் உண்டு என்றும் கூறி, அதை யார் செய்தார்கள் என்பதைக் கூறாமல் விட்டார். உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. ஒரு மனிதன் தன் வேஷ்டியிலிருந்து உப்பை உதறி எடுத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்; சிரித்து முடிந்ததும் வேறு ஏதோ வரும்.

இரண்டாம் நாள் இரவுதான் மழை வந்தது.

மாலையிலேயே காற்று அடங்கிவிட்டது. அளத்தில் காற்று அடங்குவது வீட்டில் குழந்தை சத்தம் அடங்குவது போன்றது. எல்லாரும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்கள். வடக்கே தாடகை மலைப் பக்கம் மின்னிற்று. கொட்டகையில் ஒரு காஸ் லைட்டை ஏற்றி மாட்டினார்கள். இந்த இடத்தில் ஒரு சிறு விஷயம்: அந்த விளக்கின் மாண்டில் என்ற வலைப்பை பளீரென்று வெண்மையாக எரிவது தோரியத்தால், தோரியம் கிடைப்பது மோனசைட்டிலிருந்து. 1952 முதல் எங்கள் கரை மணலின் மோனசைட்டை ஆல்வாயில் ஆலை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல் அன்றிரவு புத்தளத்து வெள்ளை உப்புக்கு வெளிச்சம் பிடித்திருக்கவும் கூடும். அப்போது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் எண்ணிப் பார்க்க அவகாசம் இருந்திராது. ஏனெனில் முதல் துளி விழுந்ததும் ஆண் பெண் குழந்தை என்றில்லாமல் எல்லாரும் ஓலைக் கட்டுகளை நோக்கி ஓடினார்கள்.

அம்பாரங்களின்மேல் பனையோலை மூட வேண்டும். காற்றுத் திரும்ப எழுந்து ஓலையைப் பறித்தது. மாமா வண்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடினார். ஒரு அம்பாரத்தின்மேல் நாலு பேர் ஏறி, ஓலைமேல் குப்புறப் படுத்துக்கொண்டதைப் பார்த்தேன், கன்றை அணைத்துக்கொண்டு படுப்பதுபோல. வரப்பில் வாரிவைத்து இன்னும் எடுக்காமலிருந்த உப்பு என் கண்முன்னே தாழ்ந்தது. உருகுவது என்றால் நெருப்பில்தான் உருகும் என்று எண்ணியிருந்தவன், குளிர்ந்த மழையில் ஒரு குவியல் அப்படியே தோள் இறங்கி, இடை இறங்கி, தரையோடு தரையாய்ப் போவதை அன்றுதான் கண்டேன். பாத்திகளில் இரண்டு மாதமாய் வீடு மாற்றி வளர்த்த தண்ணீரெல்லாம் ஒரு நாழிகைக்குள் பச்சப் பிள்ளையாகிவிட்டது. பாட்டா எங்கும் ஓடவில்லை. கொட்டகை வாசலில் நின்று, வலது உள்ளங்கையை நீட்டி, அதில் விழுந்த மழையை நக்கிப் பார்த்துவிட்டு, “நல்ல தண்ணி” என்றார். அந்தச் சொல்லில் கோபம் இருந்ததா, மரியாதை இருந்ததா என்பதை நான் அநேக வருஷம் யோசித்திருக்கிறேன்.

மாமா நனைந்து திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வள்ளியாற்றுக்கு வடபுறம் கடைமடையில் அரை ஏக்கர் வயல் இருந்தது. கன்னிப்பூவுக்குப் பொடி விதைப்பு விதைத்து, ஒரு மழைக்காக மூன்று வாரமாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் வரும்போதுகூட, இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் விதை மண்ணுக்குள்ளேயே பொரிந்துவிடும் என்று காளைகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார். இப்போது அவர் சிரிக்க முற்படுவதும், சிரிப்பை அடக்குவதும், தலையைத் துவட்டும் பாவனையில் முகத்தை மறைப்பதுமாக இருந்தார். கொஞ்ச நேரங் கழித்து, பக்கத்தில் யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, “அங்கேயும் பெஞ்சிருக்கும், இல்லியா மக்கா?” என்று ரகசியமாகக் கேட்டார். பெய்திருக்கும் என்றேன். “பாவம்” என்றார், அளத்துப் பக்கம் திரும்பி. பிறகு மறுபடியும், “நல்லா பெஞ்சிருக்கும்” என்றார்.

ஒரே மனிதனுக்குள் ஒரு விவசாயியும் ஒரு உப்பு வண்டிக்காரனும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பதை நான் பார்த்த ராத்திரி அது. நாஞ்சில் நாட்டு வயல்காரன் ஆற்றின் தலையில் இருந்துகொண்டு மழை கேட்கிறான். அதே ஆற்றின் வாலில் இருந்துகொண்டு அளக்காரன் வெயில் கேட்கிறான். இரண்டு பேருடைய வேண்டுதலும் போய்ச் சேரும் இடம் எதுவாயினும், அங்கே உட்கார்ந்திருப்பவருடைய சங்கடத்தை, மாமாவின் முகத்தைப் பார்த்த எனக்கு ஒருவாறு அநுமானிக்க முடிகிறது.

மறுநாள் பாதி வண்டி உப்போடு திரும்பினோம்.

காலவரிசை தப்பி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை மணக்குடியில் ஏறி, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று; மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைத்த பாலத்தின் துண்டங்களைப் பெயர்த்துக் காயலுக்குள்ளே தள்ளிற்று. சில வாரங் கழித்து நான் போனபோது, அத்தனை கனமான கான்கிரீட்டுப் பாளங்கள் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்ட பலகைகள்போல நீரில் சாய்ந்து கிடந்தன. அவற்றின்மேல் ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காயலோரத்துச் சேற்றில், ஒல்லியாய்ச் சிவந்த காலை ஊன்றி ஊன்றி, நெடுங்கால் உள்ளான்கள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகளைப் பறவைகளுக்கான காப்பகமாக அரசாங்கம் அறிவித்தது அதற்குப் பத்து வருஷங் கழித்து, 2015-இல். அந்தப் பாலத்தடியில் நின்று நான் எதையும் சிந்திக்கவில்லை. சிந்திக்கத் தகுந்த இடமாக அது இருக்கவில்லை.

உத்தியோகம் எனக்குத் தணிக்கைத் துறையில் வாய்த்தது. அதன் நிமித்தம் 1974-இல் ஜெய்ப்பூரில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. அங்கிருந்து மேற்கே ஃபுலேரா ஜங்ஷனுக்குப் போய், சாம்பர் என்ற ஊரில் ஒரு மாசி மாதக் காலையில் இறங்கினேன். சாம்பர் என்றவுடன் நம்மவர்க்குப் பருப்பும் புளியுமே நினைவுக்கு வரும். அங்கே அது இந்தியாவின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரியின் பெயர். மழைக்குப் பின் 190 முதல் 230 சதுர கிலோமீட்டர்வரை பரந்து, கோடையில் வெறும் உவர்ப்பொருக்காகச் சுருங்கிவிடும். சுற்றிலும் கம்பும் வாற்கோதுமையும் கடலையும் விளையும் மானாவாரிப் பூமி. மாடுகளை விட ஒட்டகங்கள் அதிகம் கண்ணில் பட்டன. 1870 வாக்கில் ஜெய்ப்பூர், ஜோத்பூர் ராஜாக்களிடமிருந்து பிரிட்டிஷ் சர்க்கார் அந்த ஏரியைக் குத்தகைக்கு எடுத்தது. பிற்பாடு நமது அரசாங்கக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஏரிக்குக் குறுக்கே 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஒரு அணைக்கரை. அதன் கிழக்குப் புறத்தில் பாத்திகள். பாத்திகளினூடே, பொம்மைபோல் ஒரு என்ஜின் உப்புத் தள்ளுவண்டிகளை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஊர்ந்தது.

கடலிலிருந்து அத்தனை தொலைவில், பாலைவனத்தின் வாசலில், உப்பு எப்படி வந்தது? 1909-இல் ஹாலண்ட், கிறிஸ்டி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், கட்சு ரண்ணில் காயும் உப்பைக் கோடைக்காற்று துகள் துகளாய் அள்ளி வந்து ராஜபுதனத்தில் தூவுகிறது என்றும், மழை அதைக் கழுவி இந்தப் பள்ளத்தில் சேர்க்கிறது என்றும் கணக்கிட்டுக் கூறினார்கள். வேறு சித்தாந்தங்களும் உண்டு. 1909 என்ற வருஷத்தைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஷோம்பெர்க் எங்கள் கயிற்று மணலைச் சோதித்ததும் அதே வருஷம் அல்லவா. ஊராருடைய சித்தாந்தமோ இன்னும் அழகானது. ஏரிக்குள் நீண்டிருக்கும் பாறையில் சாகம்பரி தேவி கோயில் இருக்கிறது. தேவி பிரசன்னமாகி அந்தக் காட்டையெல்லாம் வெள்ளித் தரையாக்கித் தந்தாளாம். வெள்ளிக்காக வெட்டிக்கொண்டு சாவோமே என்று ஜனங்கள் பயந்து, வேண்டாம் தாயே என்று மன்றாட, வெள்ளியை உப்பாக மாற்றினாளாம். வரத்தை மாற்றிக் கொடு என்று கேட்கும் புத்தி எங்கள் மணல் கரையில் யாருக்கும் தோன்றியதாக நான் கேட்டதில்லை.

அங்கே பாத்தியை என்ன சொல்லுகிறீர்கள் என்று, என் அரைகுறை ஹிந்தியில் ஒரு தொழிலாளியைக் கேட்டேன். ‘க்யார்’ என்றார். தோட்டத்தில் கீரை விதைக்கிற பாத்திக்கும் அந்த நாட்டில் க்யாரி என்றுதான் பெயர். நான் சிரித்ததன் காரணம் அவருக்கு விளங்கவில்லை. ஏரியின் நடுவே, ஆழமற்ற நீரில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோடு அசைந்து, உடைந்து, பூநாரைகளாயிற்று. பழுத்த தண்ணீரில் இருக்கும் சிவப்பையே தின்று தின்று அவை சிவக்கின்றன என்பது சாஸ்திரம். பாட்டா இருந்திருந்தால் அவற்றையும் பழுத்த பறவை என்றிருப்பார். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு உப்புச் சுமந்து போன பெண்களின் பாதங்களை நான் பார்த்தேன். பார்க்காமலும் இருந்திருக்கலாம், முன்னமே தெரிந்த பாதங்கள்தான்.

சாம்பரிலிருந்து ஒரு கைக்குட்டையில் ஒரு பிடி உப்பு எடுத்து வந்தேன். அந்த வருஷம் வைகாசி நடுவில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அம்மை அதை வாங்கி, கையில் ஏந்திப் பார்த்து, ஒரு மணியை நாக்கில் வைத்து, “இதுக்கு கடல் தெரியாது” என்றாள். இருந்தாலும் எறிந்துவிடாமல் ஒரு சிறு பரணியில் போட்டு, பழைய உப்புப் பரணிக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரிய பரணியில் இருந்தது கடையில் வாங்கியது, என்றாலும் புத்தளத்து உப்புதான்.

சில நாட்கள் கழிந்து ஒரு காலை, வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் பாய் விரித்து, உடைத்த தேங்காய் காயப்போட்டிருந்தது. அம்மை அடுக்களையில் பெரிய பரணியைத் திறந்தாள். உப்பு வியர்த்து, ஓரங்களில் நீர் கோத்திருந்தது. சிறு பரணியையும் திறந்து பார்த்தாள்; அது வடக்கே என்ன வறட்சியோடு வந்ததோ அதே வறட்சியோடு உலர்ந்து கிடந்தது. அதை மூடி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, “தேங்காயை வாரு மக்கா, மழை வருது” என்றாள்.